பாலை அளந்த பல்கலைக் கழகம்

நெசவுத் தொழிலில் ஈடுபட்டுள்ள நம் அங்கத்தினர்களுக்கு நூலின் நம்பர் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. ஒரு ராத்தல் எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 இருந்தால் அது 40ஆம் நம்பர் நூல். 60 இருந்தால் 60ஆம் நம்பர். இந்தக் கணக்கு ஆலைக்காரருக்கும் தெரியும், நூல் வியாபாரிக்கும் தெரியும், தறிக் குழியில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியும். மூவரும் ஒன்றாக அறிந்திருப்பதனாலேயே, நூலில் குறை நேர்ந்தால் இன்ன குறை என்று எடுத்துக் காட்டி நியாயம் கேட்க முடிகிறது. அளவை ஒருவர் கையில் மட்டும் இருக்குமாயின், மற்றவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியிராது.

கறவை மாடு வைத்திருக்கும் குடியானவர்களுக்கும் இத்தகைய அளவை ஒன்று உண்டு. பாலிலுள்ள கொழுப்புச் சத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை கொடுக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. எளிய சாதனங்களைக் கொண்டு இச்சோதனையைச் செய்யும் வழியை 1890ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டவர் ஐக்கிய அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஒரு ரசாயன ஆசிரியர் ஆவார். அவர் அதனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்.

பல்கலைக் கழகம் என்றவுடன் பட்டமளிப்பு விழாவும் கறுப்பு அங்கியுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பொதுமக்கள் பணத்தில் நடைபெறும் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகம் அம்மக்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது, அங்கே விளையும் அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் வினாக்களுக்கு விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தின் வரலாறு நல்ல விளக்கமாக அமைந்துள்ளது. ஆகவே அதனைச் சற்று விரிவாக இங்கே கூற முற்படுகிறோம்.

ஏரிக் கரையில் ஒரு கலாசாலை

விஸ்கான்ஸின் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியில் பெரிய ஏரிகளை ஒட்டியுள்ள மாநிலம். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் குளிர்ப் பிரதேசம். 1848ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தனி மாநிலமாயிற்று; அதே ஆண்டு ஜூலையில் பல்கலைக் கழகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. 1849 பிப்ரவரியில், தலைநகரான மாடிஸனில், வேறொரு பள்ளியின் கட்டடத்தில், ஓர் ஆசிரியரும் 17 மாணவர்களுமாக வகுப்புத் தொடங்கிற்று. முதன்முதலாக இருவர் பட்டம் பெற்றது 1854இல்.

இப்பல்கலைக் கழகம் நிற்கும் மண்ணின் பழைய உரிமையாளர்களைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. நான்கு ஏரிகளைக் கொண்ட அப்பகுதி ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்களின் தாயகம். 1832ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அவர்கள் அந்நிலத்தைவிட்டு நீங்கும்படி நேர்ந்தது. பல்கலைக் கழகம் இவ்வரலாற்றை ஒப்புக்கொண்டு தன் வளாகத்தில் ஒரு நினைவுப் பலகையை வைத்தது 2019ஆம் ஆண்டில்தான்.

1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் அமெரிக்கக் கல்வி வரலாற்றில் ஒரு பெருந்திருப்பமாகும். காங்கிரஸ் சபைகளில் ஒரு மாநிலத்துக்குள்ள பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் மத்திய அரசாங்கம் நிலம் வழங்கும். அதை விற்ற பணத்தைக் கொண்டு பயிர்த் தொழிலையும் கைத்தொழில்களையும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலம் நடத்த வேண்டும் என்பது சட்டத்தின் சாரம். விஸ்கான்ஸினுக்கு 2,40,000 ஏக்கர் கிடைத்தது. 1866இல் அப்பொறுப்பு மாடிஸன் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டம் வந்தவுடன் பயன் வந்துவிடவில்லை. நிலங்கள் மலிவான விலைக்கு விற்கப்பட்டன. விவசாயப் படிப்பில் சேர்ந்த மாணவர்கள் மிகச் சிலரே. பண்டைய மொழிகளையும் தத்துவத்தையும் போதிக்கும் இடத்தில் ஏர் பிடிப்பவனுக்கு என்ன வேலை என்று குடியானவர்கள் கேட்டார்கள். தங்களுக்கென்று தனிக் கல்லூரி வேண்டும் என்று சட்ட சபையை வற்புறுத்தினார்கள். இந்த வற்புறுத்தலே பல்கலைக் கழகத்தை விழிக்கச் செய்தது எனலாம். வெளியிலிருந்து கேட்பவர் இருந்தமையால்தான் உள்ளே இருந்தவர்கள் அசைந்தார்கள்.

கோதுமை ஒழிந்து பால் வந்தது

அக்காலத்து விஸ்கான்ஸின் குடியானவர் கோதுமையை நம்பி வாழ்ந்தார். 1860ஆம் ஆண்டையொட்டி ஐக்கிய அமெரிக்காவிலேயே கோதுமை விளைவில் முன்னணியில் நின்ற மாநிலங்களுள் அது ஒன்று. ஆனால் ஆண்டுதோறும் ஒரே பயிரை விதைத்ததனால் மண்ணின் சாரம் வற்றிற்று. சாறுறிஞ்சும் பூச்சிகள் பயிரை அழித்தன. மேற்கே புதிய நிலங்களில் விளைந்த கோதுமை ரயில் வழியே வந்து விலையையும் இறக்கிவிட்டது.

மண்ணைக் காக்க வேண்டுமானால் மாடு வளர்க்க வேண்டும், எரு இட வேண்டும், பாலை வெண்ணெயாகவும் பாலாடைக் கட்டியாகவும் ஆக்கி விற்க வேண்டும் என்று சிலர் எடுத்துரைத்தனர். அவர்களுள் முதல்வர் வில்லியம் ஹோர்ட் என்னும் பத்திரிகையாளர். 1872இல் பால் பண்ணையாளர் சங்கம் ஒன்றை நிறுவுவதில் முன்னின்ற இவர், பிற்காலத்தில் மாநிலத்தின் கவர்னராகவும் விளங்கினார்.

பல்கலைக் கழகத்தின் விவசாயப் பகுதிக்கு 1880இல் வில்லியம் ஹென்றி பேராசிரியராக வந்தார். 1883இல் ஆராய்ச்சிப் பண்ணை முறையாக அமைந்தது. 1885இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ஊர் ஊராகச் சென்று குடியானவர்களைக் கூட்டிப் பேசும் ‘விவசாயிகள் கூட்டங்கள்’ அரசாங்கப் பொருளுதவியுடன் தொடங்கின. மற்றொன்று, வயல்களில் வேலையில்லாத பனிக்காலத்தில் கிராமத்து இளைஞர்களுக்கான குறுகிய காலப் படிப்பு ஏற்பட்டது. நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. முதல் ஆண்டில் வந்தவர் 19 பேர். 1890இல் பால் தொழிலுக்கென்று தனி வகுப்பும் தொடங்கப்பட்டது. அந்நாட்டிலேயே முதல் பால் தொழிற்பள்ளி அதுவே.

பாப்காக் செய்த சோதனை

பால் தொழில் வளர வளர ஒரு பெரிய பூசலும் உடன் வளர்ந்தது. பல வீட்டுப் பால் ஒரே தொட்டியில் ஊற்றப்படுகிறது. வெண்ணெய் எடுத்து விற்ற பணத்தைப் பங்கிட வேண்டும். எதைக் கொண்டு பங்கிடுவது? எடையைக் கொண்டு பங்கிட்டார்கள். கொழுப்பு மிகுந்த பால் கொண்டுவந்தவருக்கும் தண்ணீர்ப் பால் கொண்டுவந்தவருக்கும் ராத்தலுக்கு ஒரே விலை. ஆகவே பாலில் நீர் கலந்தவர் லாபம் அடைந்தார்; இரவு ஆடையை எடுத்துவிட்டுக் காலையில் ஊற்றியவர் அதனினும் லாபம் அடைந்தார். நேர்மையாய் நடந்தவர் நஷ்டப்பட்டார். கூட்டு முயற்சி ஒன்று குலைவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அண்டை வீட்டார்மேல் சந்தேகம் கொண்டவர்கள் ஒரு சங்கமாக நெடுநாள் நிலைக்க மாட்டார்கள்.

ரசாயனசாலையில் கொழுப்பை அளக்கும் வழிகள் அப்போதும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நேரம் மிகுதியாக வேண்டும், செலவு மிகுதி, கைதேர்ந்த ரசாயனியும் வேண்டும். கிராமத்து வெண்ணெய்ச் சாலையில் நாள்தோறும் செய்யத் தக்க முறை ஒன்றும் இல்லை.

ஸ்டீபன் பாப்காக் 1843இல் பிறந்தவர். ஜெர்மனியில் உயர்கல்வி பெற்றவர். 1888இல் மாடிஸனுக்கு வந்தவர். ஹென்றி அவரிடம் இந்தப் பிரச்னையை ஒப்படைத்தார். 1890இல் விடை வெளியாயிற்று. 18 கிராம் எடையுள்ள பாலை, நீண்ட கழுத்துடைய ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, ஏறக்குறைய அதே அளவு கந்தகத் திராவகம் சேர்க்க வேண்டும். திராவகம் கொழுப்பைத் தவிரப் பாலிலுள்ள மற்றத் திடப் பொருள்களைக் கரைத்துவிடும். குப்பியைச் சுழல் பொறியில் வைத்துச் சில நிமிடங்கள் சுற்றினால் லேசான கொழுப்புப் பிரிந்து மேலே வரும். பிறகு வெந்நீர் ஊற்றிக் கொழுப்பைக் குப்பியின் கழுத்துக்குள் ஏற்றி மறுபடியும் சுற்ற வேண்டும். கழுத்தில் கோடுகள் இடப்பட்டிருக்கும். கொழுப்பு எத்தனை கோடு நிற்கிறதோ அதுவே நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதாகும். பெருக்கல் வகுத்தல் கூட வேண்டியதில்லை. எழுத்தறிவு அதிகமில்லாதவரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த எளிமையை நம் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பால் வாங்கும் மானேஜரும் பால் ஊற்றும் குடியானவரும் ஒரே குப்பியின் ஒரே கோட்டைப் பார்க்கிறார்கள். யாரும் யாரையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவேதான் நம்பிக்கை பிறக்கிறது. இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. தம் மந்தையில் எந்தப் பசு தீனிக்கு ஏற்ற பயன் தருகிறது, எது வீணாய்த் தின்கிறது என்பதைக் குடியானவரே தம் தொழுவத்தில் சோதித்து அறிய முடிந்தது. நல்ல இனப் பசுக்கள் பெருக அது வழி செய்தது.

பாப்காக் இதற்குப் பேட்டண்டு உரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவர் பெறவில்லை. பொதுமக்கள் சம்பளத்தில் செய்த வேலை பொதுமக்களுக்கே உரியது என்னும் முறையில், எவரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார். சில ஆண்டுகளுக்குள் அம்முறை அமெரிக்கா முழுவதும் பரவிப் பிற நாடுகளுக்கும் சென்றது.

பசுவே விடை கூறிற்று

அளவையைக் கண்டவரே அளவையின் எல்லையையும் கண்டார் என்பது இவ்வரலாற்றில் வியக்கத்தக்க பகுதியாகும். அக்காலத்து ரசாயனிகள் தீனியிலுள்ள புரதம், மாவுச் சத்து, கொழுப்பு, உப்பு இவற்றைக் கணக்கிட்டு, கணக்கு ஒன்றாயிருந்தால் தீனியும் ஒன்றே என்றார்கள். பாப்காக் இதை நம்பவில்லை. கணக்கு ஒத்துப்போனாலும் பசு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்.

1907 முதல் 1911 வரை அவருடைய சகாக்கள் 16 கிடேரிகளை நான்கு பிரிவாக்கிச் சோதனை செய்தனர். ஒரு பிரிவுக்கு மக்காச்சோளப் பயிர் மட்டும், ஒன்றுக்குக் கோதுமைப் பயிர் மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், ஒன்றுக்கு மூன்றும் கலந்த தீனி. ரசாயனக் கணக்கின்படி நான்கும் சமம். ஆனால் மக்காச்சோளம் தின்றவை செழித்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் தின்றவை நலிந்து குருட்டுக் கன்றுகளையும் செத்த கன்றுகளையும் ஈன்றன. ரசாயனத்துக்கு அகப்படாத ஏதோ ஒன்று உணவில் இருப்பது தெளிவாயிற்று. அச்சோதனையில் பங்கு கொண்ட மக்காலம், மார்கரீட் டேவிஸ் என்னும் அம்மையாருடன் சேர்ந்து 1913இல் கண்டறிந்ததே இன்று நாம் வைட்டமின் ‘ஏ’ என்று வழங்கும் ஜீவசத்து.

உரிமை யாருக்கு?

அச்சோதனையில் ஈடுபட்டிருந்த மற்றோர் இளைஞர் ஹாரி ஸ்டீன்பாக். விஸ்கான்ஸின் குடியானவர் குடும்பத்தில் பிறந்து அப்பல்கலைக் கழகத்திலேயே பயின்றவர். உணவுப் பொருள்களின்மேல் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் அவற்றில் வைட்டமின் ‘டி’ பெருகும் என்று 1924ஐ ஒட்டி அவர் நிலைநாட்டினார். குழந்தைகளின் எலும்பை வளைத்து முடமாக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்கு இது நல்ல தடுப்பு முறையாயிற்று.

பாப்காக் காட்டிய வழிக்கு மாறான வழியை ஸ்டீன்பாக் கடைப்பிடித்தார். இம்முறையைக் காப்பின்றி விட்டால் போலி வியாபாரிகள் பயனற்ற சரக்கை விற்று மக்களை ஏமாற்றுவார்கள் என்று அவர் அஞ்சினார். தம் சொந்தப் பணம் சுமார் 300 டாலர் செலவிட்டுப் பேட்டண்டு கோரினார். பெரிய உணவுக் கம்பெனி ஒன்று அவ்வுரிமைக்கு மிகப் பெருந்தொகை தர முன்வந்தபோதும் அவர் அதைத் தனக்கென விற்கவில்லை. 1925இல் பழைய மாணவர்களைக் கொண்டு ஒரு தரும ஸ்தாபனம் நிறுவப்பட்டது. உரிமைத் தொகையை அது வசூலித்துப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிக்கே திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. பின்னாளில் உலகின் பல கல்வி நிலையங்கள் இதைப் பின்பற்றின.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் எழுந்தது. வெண்ணெய்க்குப் பதிலாக ஏழைகள் வாங்கிய மலிவான செயற்கை வெண்ணெயாகிய மார்கரினுக்கு அந்த ஸ்தாபனம் அனுமதி தர மறுத்தது. மாநிலத்துப் பால் பண்ணையாளர்களின் நலனைக் காப்பது நோக்கமாயிருக்கலாம். ஆனால் ஏழைக் குழந்தையின் எலும்புக்கு வேண்டிய சத்து, ஏழை வீட்டு உணவில் சேராமல் போவது பொதுநலம் ஆகுமா? வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபோது நீதிபதிகள் இந்தக் குறையையும் சுட்டிக் காட்டினர். 1945இல் அந்தப் பேட்டண்டு செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

பாப்காக்கின் வழி உயர்ந்ததா, ஸ்டீன்பாக்கின் வழி உயர்ந்ததா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. முன்னது அறிவை உடனே அனைவருக்கும் தந்தது. பின்னது அடுத்த ஆராய்ச்சிக்குப் பொருள் தேடித் தந்தது. ஒன்றை மட்டும் துணிந்து கூறலாம். உரிமையைக் காப்பவர் எவராயினும், ‘இதனால் யாருக்குக் கதவு அடைபடுகிறது?’ என்று அவரைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு.

வீட்டு வாசல் வரையில்

1903 முதல் 1918 வரை பல்கலைக் கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ் மண்ணியல் அறிஞர். அக்காலத்தில் கவர்னராயிருந்த ராபர்ட் லாபாலெட் அவருடைய வகுப்புத் தோழர். இருவரும் 1879இல் பட்டம் பெற்றவர்கள். மாநிலத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் பல்கலைக் கழகத்தின் நற்பயன் எட்டும் வரையில் தமக்கு நிறைவு உண்டாகாது என்ற கருத்தை வான் ஹைஸ் 1905இல் வெளியிட்டார். ‘விஸ்கான்ஸின் கொள்கை’ என்று உலகம் வழங்குவது இதுவே. பல்கலைக் கழகத்தின் எல்லை மதில் சுவரன்று, மாநிலத்தின் எல்லையே என்பது அதன் பொருள்.

இக்கொள்கை வயலோடு நிற்கவில்லை. 1911இல் தொழிலில் காயமுற்ற தொழிலாளருக்கு நஷ்ட ஈடு வழங்கும் சட்டமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டமும் அம்மாநிலத்தில் நிறைவேறின. வேலை இழந்த தொழிலாளருக்கு உதவித் தொகை தரும் சட்டத்தை ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதலாக 1932இல் இயற்றியதும் விஸ்கான்ஸினே. பொருளாதாரப் பேராசிரியர் ஜான் காமன்ஸும் அவருடைய மாணவர்களும் இத்தகைய சட்டங்களுக்குப் பாடுபட்டவர்கள். தறி நின்றால் அடுப்பும் நின்றுபோகும் என்பதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுமா?

அறிவு பல்கலைக் கழகத்திலிருந்து கிராமத்துக்கு மட்டும் செல்வதில்லை. கிராமத்திலிருந்தும் பல்கலைக் கழகத்துக்கு வருகிறது. 1933 பிப்ரவரியில் கடும் பனிப் புயலில் ஒரு குடியானவர் சுமார் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிஸனுக்கு வந்தார். செத்த பசு ஒன்று, உறையாத இரத்தம் நிறைந்த பால் பாத்திரம் ஒன்று, பூசணம் பிடித்த குளோவர் வைக்கோல் சுமார் 100 ராத்தல், இவையே அவர் கொண்டுவந்தவை. அன்று சனிக்கிழமை, தேடிவந்த மிருக வைத்திய அலுவலகம் மூடியிருந்தது. கார்ல் லிங்க் என்னும் பேராசிரியரின் ரசாயனசாலை மட்டும் திறந்திருந்தது. அக்கெட்டுப்போன தீவனத்தை நிறுத்தும்படி சொல்வதற்கு மேல் அன்று லிங்க்கினால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவரும் அவர் சகாக்களும் அந்த இரத்தத்தை மறந்துவிடவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1939இல், இரத்தத்தை உறையவொட்டாமல் தடுக்கும் பொருளை அந்தக் குளோவரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதையொட்டிப் பிறந்ததே வார்பரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1950களின் நடுவிலிருந்து, இரத்தக் குழாய்களில் கட்டி உறைந்து உயிர் போகாமல் காக்கும் மருந்தாக மனிதருக்கும் பயன்பட்டு வருகிறது. ஒரு குடியானவரின் துயரம் உலகத்துக்கே மருந்தாயிற்று.

புடைத்தலும் தூற்றலும்

பொதுப் பணத்தில் நடக்கும் நிலையம் ஆள்வோரின் விருப்பப்படிதானே பேச வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். இவ்வினா 1894இலேயே மாடிஸனில் எழுந்தது. ரிச்சர்ட் ஈலி என்னும் பொருளாதாரப் பேராசிரியர் வேலை நிறுத்தங்களுக்கு ஆதரவு தருகிறார் என்று மாநிலக் கல்வி அதிகாரியே குற்றம் சாட்டினார். பல்கலைக் கழக நிர்வாகக் குழு விசாரித்து அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. அத்துடன் நில்லாமல், இடைவிடாது அச்சமின்றிப் புடைத்தும் தூற்றியும் பார்த்தாலன்றி உண்மை தெளியாது. அதற்கு இப்பல்கலைக் கழகம் என்றும் இடம் தரும் என்ற கருத்தையும் தன் அறிக்கையில் பொறித்தது. 1910ஆம் ஆண்டு மாணவர்கள் அவ்வாசகத்தை வெண்கலப் பலகையில் வார்த்துக் கொடுத்தனர். அப்பலகையைச் சுவரில் பதிக்க நிர்வாகத்தினருக்கு 1915 வரை மனம் வரவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

களத்து மேட்டை அறிந்த நமக்கு இவ்வுவமை புதிதன்று. பதர் எது மணி எது என்று காற்றடிக்கும் முன் எவராலும் சொல்ல முடியாது. மணி மட்டும் வரட்டும், தூற்றல் வேண்டாம் என்பவர் நெல்லை அறியாதவர்.

பல்கலைக் கழகத்தின் வாழ்வு எப்போதும் அமைதியாயிருந்ததில்லை. வியட்நாம் போரை எதிர்த்து 1967இல் அங்கே பெருங்கலவரம் நேர்ந்தது. 1970 ஆகஸ்டில், ராணுவத்துக்கான கணித ஆராய்ச்சி நடந்த கட்டடத்தில் வெடித்த குண்டு, அவ்வேலைக்குத் தொடர்பற்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரின் உயிரைக் குடித்தது. பொது அறிவு எதற்குப் பயன்பட வேண்டும் என்னும் கேள்விக்கு வன்முறை ஒருநாளும் விடையாகாது.

ஆராய்ச்சிப் பணியோ இடையறாது நடந்தது. பஞ்சாபில் ஒரு சிற்றூரில் கிராமக் கணக்கரின் மகனாய்ப் பிறந்த ஹர்கோவிந்த் கொரானா 1960 முதல் 1970 வரை அங்கே பணியாற்றினார். உயிரணுக்களில் புரதம் உண்டாகும் முறையைக் குறிக்கும் மரபுக் குறியீட்டை விளக்கியதற்காக 1968இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனிதக் கருவின் மூல உயிரணுக்களைத் தனியே பிரித்து வளர்த்த முதல் வெற்றியும் 1998இல் அங்கேதான் கிட்டியது.

பிற்காலச் சோதனைகள்

2015இல் மாநில கவர்னர் கொண்டுவந்த வரவு செலவுத் திட்ட மசோதாவில், பல்கலைக் கழகச் சட்டத்திலிருந்த ‘உண்மையைத் தேடுதல்’ என்னும் நோக்கத்தை நீக்கி, மாநிலத்துக்கு வேண்டிய வேலையாட்களைத் தயாரித்தல் என்ற நோக்கத்தைச் சேர்க்க வழி செய்யப்பட்டிருந்தது. செய்தி வெளியானதும் மக்கள் கொதித்தெழுந்தனர். அந்த மாற்றம் கைவிடப்பட்டது. ஆனால் மாநிலத்துப் பல்கலைக் கழகங்களுக்கான மானியம் இரண்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் குறைக்கப்பட்டது. சொல் தப்பிற்று, பணம் தப்பவில்லை.

மற்றொரு சோதனை இன்னும் ஆழமானது. 1950ஐ ஒட்டி அம்மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன. 2023இல் அவை 6,000க்கும் கீழே இறங்கிவிட்டன. பாலோ குறையவில்லை, பெருகியே இருக்கிறது. ஆராய்ச்சி பசுவின் மடியை நிறைத்தது. ஆனால் சிறு பண்ணையாளரைத் தொழிலில் நிலைநிறுத்த அது மட்டும் போதவில்லை. அளவை நியாயமாயிருந்தும், விலையும் கடனும் சந்தையும் பெரியவர்கள் பக்கம் சாய்ந்தால் சிறியவர் நிற்பது அரிது. அறிவுடன் அமைப்பும் சேர வேண்டும் என்பதே இதன் பாடம்.

நாம் செய்யத் தக்கது

இவ்வளவும் அயல்நாட்டுக் கதையாயிற்றே, நமக்கென்ன என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். நம் நாட்டு விவசாயப் பல்கலைக் கழகங்கள் மோரில் சட்டத்தால் பிறந்த கல்லூரிகளின் மாதிரியைப் பின்பற்றியே அமைக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது 1960இல் பந்த்நகரில் தோன்றிற்று. 1868இல் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கிப் பின்பு கோயமுத்தூருக்கு மாறிய நிலையம் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாயிற்று. ஆராய்ச்சியின் பயனைக் கிராமத்துக்குக் கொண்டு செல்வதற்கான வேளாண் அறிவியல் நிலையங்களுள் நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில் அப்பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டதேயாகும்.

ஆகவே வாசல் இருக்கிறது; அதில் நுழைவது நம் பொறுப்பு. விஸ்கான்ஸின் குடியானவர்கள் பல்கலைக் கழகத்தைத் தொலைவிலிருந்து வணங்கிக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். தங்கள் நோயுற்ற பசுவையும் கெட்ட தீவனத்தையும் வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நம் சங்கங்களும் அவ்வாறே செய்யலாம். பயிரில் புதிய நோய் கண்டால் ஒரு செடியைப் பிடுங்கி எடுத்துச் செல்லலாம். சாயம் நிற்கவில்லையென்றால் அந்த நூலையும் துவைத்த நீரையும் எடுத்துச் செல்லலாம். தனி ஒருவர் கேட்பதைவிடச் சங்கத்தின் பெயரால் கேட்டால் பதில் விரைவில் கிடைக்கும். கிடைத்த பதிலை மாதக் கூட்டத்தில் அனைவருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

அத்துடன், நம் சங்கங்களில் பால், பஞ்சு, நூல், துணி எதை எடுத்தாலும், அளக்கும் முறை அங்கத்தினர் அனைவரும் கண்ணால் பார்த்து அறியக்கூடியதாய் இருக்கிறதா என்று நிர்வாகிகள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நலம். கோடிட்ட கண்ணாடிக் குப்பியை இருதரப்பாரும் சேர்ந்து பார்க்க முடிந்தமையே அங்கே சந்தேகத்தைப் போக்கிக் கூட்டு முயற்சியைக் காத்தது. நம் சங்கத்துத் தராசும் சோதனைக் குழாயும் அங்கத்தினர் கண்ணெதிரே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.